மனந்திரும்புதலைப் பச்சாத்தாபம் ஆக்காதீர்கள்

மனிதன் இயல்பிலேயே நல்லவன் என்றால் அவனுக்குப் பச்சாத்தாபம் எதற்கு? தமிழாக்கம் செய்யப்பட்ட கிறிஸ்தவ விவாதங்களில் இந்தக் கேள்வியைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. கேள்வியில் குறை இல்லை, 'மனந்திரும்புதல்' என்று வர வேண்டிய இடத்தில் 'பச்சாத்தாபம்' என்று போட்டதுதான் தவறு.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் மெட்டனோயா. 'மெட்டா' மாற்றத்தைக் குறிக்கிறது, 'நூஸ்' என்றால் மனம், அறிவு. அதற்குப் பின்னால் நிற்பது தீர்க்கதரிசிகளின் எபிரேயச் சொல்லான 'ஷூவ்', அதாவது திரும்பு. நம் பழைய வேதாகமத்தின் 'மனந்திரும்புதல்' இந்த இரண்டையும் ஒரே சொல்லில் பிடித்துவிட்டது.

சரி, பச்சாத்தாபம்? வடமொழியில் 'பின்னால் வரும் சூடு', செய்துவிட்டுப் பிறகு உள்ளுக்குள் எரிவது. இன்றைய தமிழில் அதுகூட மிஞ்சவில்லை. "அவன் நிலைமையைப் பார்த்துப் பச்சாதாபப்பட்டேன்" என்றால் இரக்கப்பட்டேன் என்றுதான் எல்லோரும் புரிந்துகொள்வார்கள், சுயபச்சாதாபம் என்றால் தன்மேலேயே பரிதாபப்படுவது. அப்படியிருக்க, "பச்சாத்தாபப்படுங்கள், பரலோகராஜ்யம் சமீபித்திருக்கிறது" என்று எழுதினால் யார்மேல் இரக்கப்படச் சொல்கிறார், இயேசுவுக்கு முன்னால் வந்து பிரசங்கித்த யோவான் ஸ்நானகன்?

பழைய பொருளிலேயே எடுத்துக்கொண்டாலும் அது ஓர் உணர்ச்சி மட்டும்தான். வேதாகமம் உணர்ச்சியையும் திரும்புதலையும் ஒன்றாகக் குழப்புவதில்லை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வருந்தினான், வெள்ளிக்காசைக்கூடத் திருப்பிக் கொடுத்தான். அங்கே மத்தேயு வேறொரு கிரேக்கச் சொல்லைப் போடுகிறார், தமிழிலும் 'மனஸ்தாபப்பட்டு' என்றே இருக்கிறது. யோனா 3:10-ல் நினிவே மக்கள் பொல்லாத வழியை விட்டுத் 'திரும்பினார்கள்', தேவன் 'மனஸ்தாபப்பட்டார்'. எபிரேயத்தில் அவை இரண்டு வினைகள், தமிழிலும் இரண்டு. இரண்டு கொரிந்தியர் 7:10 இன்னும் தெளிவு: தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்குகிறது என்கிறார் பவுல். இங்கே பச்சாத்தாபத்தைப் போட்டுப் பாருங்கள், துக்கம் துக்கத்தை உண்டாக்குகிறது என்று வந்து நிற்கும்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. லத்தீன் வேதாகமத்தில் யோவான் ஸ்நானகனின் 'மனந்திரும்புங்கள்' என்ற இடம் 'பெனிட்டென்ஸியாம் அகிட்டே' என்று வந்ததால், பாவத்துக்குப் பரிகாரம் செய்யுங்கள் என்றே பலர் அதைப் படித்தார்கள். 'புத்தி தெளியுங்கள்' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லே பொருத்தம் என்றார் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்த அறிஞர் எராஸ்மஸ். 1517-ல் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் எழுதிய 95 கூற்றுகளில் முதலாவதே இந்தச் சொல்லைப் பற்றியதுதான், விசுவாசியின் வாழ்க்கை முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்று. 1546-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் அந்த லத்தீன் மொழிபெயர்ப்பே அதிகாரபூர்வமானது என்று அறிவித்தது. வேதத்துக்கே முடிவான அதிகாரம் என்று சொல்கிறவர், எந்த மொழியில் எந்தச் சொல்லுக்கு என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நல்ல மனிதன் கேள்விக்கு வருவோம். மாற்கு 10-ல் தேவனுடைய கட்டளைகளையெல்லாம் சிறுவயது முதல் கைக்கொண்ட ஒருவன் வருகிறான். வருந்துவதற்கு அவனிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அவன் முகம் ஆஸ்தியை நோக்கி இருந்தது. அதை விட்டுத் திரும்பும்படி இயேசு சொன்னபோது துக்கத்தோடே போய்விட்டான்! துக்கம் இருந்தது, திரும்புதல்தான் இல்லை. பச்சாத்தாபம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தக் கதையை எப்படி விளக்குவது?

புதிய தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'மனம் மாறுங்கள்' என்கிறது. இதை நான் மதிக்கிறேன், கிரேக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது, தமிழும் இனிமை. ஆனால் மாறுதலுக்குத் திசை கிடையாது. மனம் நல்லதிலிருந்து கெட்டதற்கும் மாறும், காலையில் ஒன்று மாலையில் ஒன்றாகவும் மாறும். திரும்புதல் என்றால் யாரிடம் என்ற கேள்வி கூடவே வந்துவிடும். 'மனம்' வடசொல், 'உளந்திரும்பல்' என்று வைக்கலாமே என்பவர்களுக்கு: பச்சாத்தாபத்தை நான் தள்ளுவது அது வடசொல் என்பதற்காக இல்லை, பொருள் தவறு என்பதற்காக.

என் கோபமெல்லாம் அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறவர்கள்மேல்தான். இயேசு சொன்ன ஊதாரி மகன் கதையை ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம். அவனுக்குப் 'புத்தி தெளிந்தபோது' என்று இருக்கிறது, அப்புறம் எழுந்து தகப்பனிடத்தில் வந்தான் என்று இருக்கிறது.