மரம், காகிதம் இறக்குமதி: ஆர்டர் கொடுக்கும் முன்பே முடிவாகிவிடும் சுங்க வரி

தூத்துக்குடியில் சுங்க முகவராகத் தொழில் செய்யும் என்னிடம் மரவாடிக்காரர்களும் சிவகாசி அச்சக உரிமையாளர்களும் முதலில் கேட்பது, "டியூட்டி எத்தனை சதவீதம்?" என்பதைத்தான். பெரும்பாலும் சரக்கு கப்பலேறிய பிறகே இந்தக் கேள்வி வருகிறது. வரியைத் தீர்மானிக்கும் சரக்கின் வடிவமும் மதிப்பும் பிறப்பிட நாடும் அதற்குள் ஆவணங்களில் ஏறிவிட்டிருக்கும்.

சுங்க அட்டவணையின் 44ஆம் அத்தியாயத்தில் உருட்டு மரத்துக்கு (தலைப்பு எண் 4403) 5 சதவீதமும், 6 மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள அறுப்பு மரத்துக்கு (4407) 10 சதவீதமும் அடிப்படைச் சுங்க வரி உண்டு. பட்டை உரித்த மரமும், நான்கு பக்கமும் முரட்டுத்தனமாகச் செதுக்கிச் சதுரமாக்கிய மரமும் 4403இலேயே அடங்கும்; ரம்பத்தில் கொடுத்துச் சீரான அளவுக்கு அறுத்துவிட்டால் அது 4407. விற்பவர் இன்வாய்ஸில் 'ஸ்குவேர்ஸ்' என்று மட்டும் எழுதி அனுப்பினால், அதிகாரி கன்டெய்னரைத் திறந்து, ரம்பம் ஓடிய தடத்தைப் பார்த்து, டேப் வைத்து அளந்து முடிவு சொல்லும் வரை டிமரேஜ் (சரக்கு துறைமுகத்தில் தங்கும் தாமதக் கட்டணம்) ஏறிக்கொண்டே இருக்கும். எந்த வடிவில் வாங்குவது என்பது எப்போதும் நம் விருப்பமும் அல்ல. 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்திருப்பதால், 'பர்மா தேக்கு உருட்டு' என்று இன்று யாராவது விலை சொன்னால் ஆவணங்களை இருமுறை பார்ப்பது நல்லது.

வித்தியாசம் எவ்வளவு என்று பார்ப்போம். காப்பீடும் கப்பல் கூலியும் சேர்ந்த மதிப்பு 10,00,000 ரூபாய் என்றால், அறுப்பு மரத்துக்கு அடிப்படை வரி 1,00,000, அதன் மேல் சமூக நல மேல்வரி 10,000, இவை சேர்ந்த 11,10,000 ரூபாய்க்கு 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரி) 1,99,800, ஆக மொத்தம் 3,09,800 ரூபாய். அதே மதிப்புள்ள உருட்டு மரத்துக்கு 2,44,900 ரூபாய். ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும் வணிகருக்கு உண்மையான வித்தியாசம் 1,10,000க்கும் 55,000க்கும் உள்ள வேறுபாடுதான். சிறு வணிகர்கள் விற்றுமுதலில் குறைந்த விகிதத்தில் வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. கப்பல் கூலி எவ்வளவு என்று உறுதிசெய்ய முடியாத நிலையில், எஃப்.ஓ.பி. மதிப்பில் (சரக்கைக் கப்பலில் ஏற்றுவது வரையிலான விலையில்) 20 சதவீதத்தைக் கூலியாகக் கூட்டியே சுங்கத்துறை கணக்கிடும் என்பதால், கூலி ரசீதைத் தொலைப்பது வீண் செலவு.

காகிதத்தில் சிக்கல் வேறு மாதிரி. பொதுவாக 10 சதவீதமாக இருக்கும் அடிப்படை வரி, 2010 முதல் நடைமுறையில் உள்ள இந்தியா–ஆசியான் ஒப்பந்தத்தின்படி இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வரும் காகிதத்துக்குப் பெரும்பாலும் இல்லாமலே போகிறது. ஆனால், பிறப்பிடச் சான்றிதழ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சலுகை கேட்ட காலம் 2020 செப்டம்பர் 21இல் வந்த கரோட்டார் விதிகளோடு (வர்த்தக ஒப்பந்தச் சலுகைக்கான பிறப்பிட விதிகளைச் சரிபார்க்கும் சுங்க விதிகள்) முடிந்தது. காகிதம் அந்த நாட்டில்தான் தயாரானது என்பதற்கான விவரங்களை இறக்குமதியாளரே முன்கூட்டித் திரட்டி, ஐந்து ஆண்டுகள் பாதுகாத்து, கேட்டால் தர வேண்டும். "அதெல்லாம் சப்ளையர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லும் வாடிக்கையாளரிடம், நோட்டீஸ் சப்ளையருக்கு வராது, உங்களுக்குத்தான் வரும் என்று சொல்வது என் வழக்கம்.

பட்ஜெட்தோறும் விகிதம் மாறலாம். செய்தித்தாள் காகிதத்துக்கு 2019 ஜூலையில் விதிக்கப்பட்ட 10 சதவீதம், 2020 பிப்ரவரியில் 5 சதவீதமானது. 2022 அக்டோபர் 1 முதல் பல காகித வகைகளுக்கு இறக்குமதிக் கண்காணிப்புப் பதிவும் கட்டாயமாகியுள்ளது. கப்பல் வந்து சேரும் நாளுக்கு ஐந்து நாள் முன்பாவது அதைச் செய்துவிட வேண்டும்.

எந்தத் தலைப்பில் வரும் என்ற ஐயம் உண்மையிலேயே இருந்தால், சரக்கை வரவழைக்கும் முன் சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். அங்கே பெறும் தீர்ப்பு, சட்டமும் விவரங்களும் மாறாத வரை, சில ஆண்டுகளுக்குச் செல்லும். இதைப் பயன்படுத்தும் சிறு வணிகர்கள் மிகக் குறைவு. ஒரே வகைச் சரக்கைத் திரும்பத் திரும்ப வரவழைப்பவர்களுக்கு அந்த விண்ணப்பச் செலவு ஒரு கன்டெய்னரின் டிமரேஜில் திரும்பிவிடும்.