ஸ்கேனில் தெரியாத அடி

பைக்கிலிருந்து விழுந்த தம் மைத்துனருக்கு சி.டி. ஸ்கேனில் குறையொன்றும் இல்லை என்றும், ஆனால் இரண்டு மாதமாகியும் ரப்பர் ஷீட் எண்ணும்போது நடுவில் கணக்குத் தப்பிவிடுகிறது என்றும் களியக்காவிளையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பேய்க்கோளாறு என்று சரடு ஓதிக் கட்டியும் ஆயிற்றாம். இந்த அடியை வேறு எப்படி அளப்பார்கள் என்பது அவர் கேள்வி.

சி.டி. ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். தலை சட்டென்று சுழன்று நிற்கையில் இழுபட்டுச் சேதமாகும் நுண்ணிய நரம்பிழைகளைப் பெரும்பாலும் காட்டாது. 1974-இல் டீஸ்டேலும் ஜென்னெட்டும் வகுத்த கிளாஸ்கோ கோமா அளவுகோல் 3 முதல் 15 வரை மதிப்பிடுவது சுயநினைவைத்தான். முழு 15 பெற்றவருக்கும் கவனம் குன்றியிருக்கலாம்.

எண்களைத் தலைகீழாகச் சொல்லுதல், ஐந்து சொற்களைச் சற்றுக் கழித்து நினைவுகூர்தல் போன்ற அறிதிறன் சோதனைகள் அதற்காகவே உள்ளன. ஆனால் களியக்காவிளை போன்ற கேரள எல்லைப்பகுதியில், பள்ளியில் மலையாளம் படித்தவரிடம் ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களைத் தமிழில் மட்டும் கேட்டால், மதிப்பெண் குறைவதற்கு மூளையைக் குறைசொல்ல முடியாது.

சோதனை விடையைப் பார்க்கிறது. விடைக்கு முன் நடப்பதை, தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. பார்க்கிறது. அதில் என்னை மயக்குவது பி300 என்ற அலை. காதில் ஒரே மாதிரி ஒலி திரும்பத் திரும்பக் கேட்கும். இடையிடையே எப்போதாவது வரும் வேறோர் ஒலியை மட்டும் எண்ண வேண்டும். அவ்வொலி கேட்ட ஏறத்தாழ 300 மில்லிநொடியில், மூளை அதை இனங்கண்டதன் தடமாக ஒரு நேர்மின் அலை எழுகிறது. அது சில மைக்ரோவோல்ட்தான் என்பதால், திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் குரல்போல மற்ற அலைகளில் மூழ்கிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் அவ்வொலிக்குப் பிந்திய ஒரு நொடிப் பதிவை வெட்டியெடுத்து, ஒலி தொடங்கிய கணத்தை ஒன்றோடொன்று பொருத்திச் சராசரி காண்கிறார்கள். ஒலியோடு தொடர்பில்லாத அலைகள் ஒருமுறை மேலும் மறுமுறை கீழுமாக அமைந்து தம்மைத் தாமே அழித்துக்கொள்ள, ஒலிக்குக் கட்டுப்பட்ட அலை மட்டும் நிலைக்கிறது. அந்தத் தொடர்பில்லாத அலைகளின் இரைச்சல், பதிவுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலக் கணக்கில் குறைவதால், 100 பதிவுகளின் சராசரியில் அது பத்திலொரு பங்காகிவிடும். கூட்டலும் வகுத்தலும் தவிர இதில் வேறு வித்தை இல்லை!

அடிபட்டவர்கள் பலரிடம் இந்த அலை தாமதமாகவும் குட்டையாகவும் வருகிறது. தூக்கமின்மையும் மனச்சோர்வும் சில மருந்துகளும்கூட அப்படிச் செய்யும் என்பதால், நரம்பியல் மருத்துவர் இதை மட்டும் வைத்து முடிவு சொல்லமாட்டார். நம் மக்களின் வயதுக்கும் படிப்புக்கும் ஏற்ற இயல்பளவுகளைத் திரட்டுவது சலிப்பூட்டும் வேலைதான். புதுக் கருவி வாங்குவதற்கு முன் அதற்குத்தான் ஆய்வு நிதி தர வேண்டும் என்பேன்.

மைத்துனரைச் சில மாதம் கழித்து மறுபடி சோதிக்கும்போது வேறு சொற்பட்டியலைத் தர வேண்டும். பழைய பட்டியலையே கொடுத்தால் மூளை தேறாமலே, பழக்கத்தால் மதிப்பெண் கூடிவிடும்.