ஃபிரான்சைஸ்: உரிமையா, உரிமமா?

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பெரியவர் ஒருவரிடம் 'ஃபிரான்ஷீஸ்' என்று சொன்னால், உள்ளதை உள்ளபடி பேசும் குணத்தைச் சொல்வதாக எடுத்துக்கொள்வார். கால்பந்துப் பித்துப் பிடித்த அவருடைய பேரன் அதே எழுத்துகளை ஆங்கில வழக்கப்படி 'ஃபிரான்சைஸ்' என்று படிப்பான். அவனுக்கு அது கோடிகள் கொடுத்து வாங்கப்படும் அணி. தாத்தாவின் சொல்லில் ஒளிவுமறைவு கிடையாது. பேரனின் சொல்லில் அதைத் தவிர வேறெதுவும் இல்லையோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் பக்கம் மாலை நேரத்தில் நின்றால் இந்தச் சொல்லை வைத்து நடக்கும் சண்டையைக் கேட்கலாம். இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் புனே அணியின் இடம் 2019இல் ஹைதராபாத்துக்குப் போனது. அதே ஆண்டில் டெல்லி அணி புவனேசுவரத்துக்குப் போய் ஒடிசா அணி ஆனது. 2025இல் ஹைதராபாத் அணி டெல்லிக்குப் போய்விட்டது. நாளைக்குச் சென்னை அணிக்கும் இது நேர்ந்தால்? "பணம் போட்டவர் எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோவார், அது அவருடைய ஃபிரான்சைஸ்" என்கிறான் ஒருவன். "அப்படியானால் இத்தனை ஆண்டுகள் தொண்டை கிழியக் கத்திய நாங்கள் யார், அண்ணா?" என்கிறான் இன்னொருவன். அணியைப் பற்றிய சண்டைபோலத் தெரிந்தாலும், இருவரும் மல்லுக்கு நிற்பது ஒரு சொல்லின் பொருள்மீதுதான். அந்தச் சொல்லோ எண்ணூறு ஆண்டுகளாகப் பொருளை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

ரோமப் பேரரசு தளர்ந்த காலத்தில் இன்றைய பிரான்ஸ் நிலத்தைக் கைப்பற்றிய ஜெர்மானியக் குடிகளுக்குப் பிராங்குகள் என்று பெயர். வென்ற குடியைச் சேர்ந்தவன் மற்றவர்கள் சுமக்கும் கட்டுகளைச் சுமக்காதவன். எனவே இனப்பெயரே 'கட்டற்றவன்' என்ற பொருளை ஏற்றது. அதிலிருந்து கிளைத்த பண்புப்பெயர்தான் பழைய பிரெஞ்சு மொழியின் ஃபிரான்ஷீஸ். கட்டின்மை, வரியிலிருந்தும் கடமையிலிருந்தும் விலக்கு என்பன அதன் முதற்பொருள்கள். கட்டற்றவன் பேசவும் அஞ்சுவதில்லை. தாத்தாவுக்குத் தெரிந்த 'வெளிப்படைப் பேச்சு' அங்கிருந்து வந்தது. விலக்கு என்ற பொருளும் பிரெஞ்சில் இன்னும் சாகவில்லை. கூடுதல் கட்டணம் இல்லாமல் விமானத்தில் கொண்டுபோகும் பெட்டியின் எடையளவுக்கும் அங்கே இதே சொல்தான்.

பிராங் நாணயமும் இதே குடும்பம். ஆங்கிலேயரிடம் சிறைப்பட்ட அரசர் இரண்டாம் ஜானை மீட்கப் பணம் திரட்ட வேண்டியிருந்த 1360இல் அது முதன்முதலாக அச்சிடப்பட்டது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம்மூர் 'சொல்தா'க்களின் வீடுகளில், 2002இல் யூரோ நோட்டு வரும்வரை, ஓய்வூதியக் கணக்கு இந்தப் பிராங்கில்தான் நடந்தது.

இந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளை கடலூருக்குத் தெற்கே, வெள்ளாற்று முகத்துவாரத்தில் ஊர்ப்பெயராகவே நிற்கிறது. பிராங்குகளை அரபியரும் பாரசீகரும் தங்கள் நாவுக்கு ஏற்றபடி வளைத்துப் 'பரங்' என்றும் 'பரங்கி' என்றும் அழைத்தார்கள். நாளடைவில் ஐரோப்பியர் எல்லோருக்கும் அந்தப் பெயர் ஆயிற்று. கடல்வணிகத்தோடு நம் கரைக்கு வந்த அந்தச் சொல், போர்ச்சுக்கீசியர் 'போர்ட்டோ நோவோ' என்று அழைத்த துறைமுகத்தைத் தமிழர் வாயில் பரங்கிப்பேட்டை ஆக்கியது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த காய் பரங்கிக்காய் ஆனதும் இப்படித்தான். ஆகவே ஃபிரான்சைஸ் நமக்கு முற்றிலும் அந்நியச் சொல் என்று சொல்ல முடியாது. அதன் பங்காளி நம் சாம்பாரிலேயே கிடக்கிறது.

ஆங்கிலத்துக்குப் போன பிறகு சொல் வேறு திசையில் வளர்ந்தது. விலக்கு தரக்கூடியவர் அரசர். எனவே அரசர் ஒருவருக்கு மட்டும் தரும் தனி அனுமதியும் ஃபிரான்சைஸ் ஆயிற்று. இந்த இடத்தில் சந்தை கூட்டலாம், இந்த ஆற்றில் ஓடம் விட்டுக் கூலி வாங்கலாம் என்பதுபோன்ற அனுமதிகள் அவை. தமிழ்க் கல்வெட்டுகளில் இதற்கு நெருக்கமான சொல் 'இறையிலி'. இறை என்றால் வரி. வரி இல்லாதபடி அரசன் விட்டுக்கொடுத்த நிலம் இறையிலி. ஆனால் அது விலக்கு என்ற பாதியை மட்டுமே தொடுகிறது. தனி அனுமதி என்ற மறுபாதி புதுச்சேரிக்காரர்களுக்கு வேறு வழியில் நன்றாகத் தெரியும். அரசு ஏலம் விடும் சாராயக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏலம் எடுத்தவருக்கு இன்ன இடத்தில், இன்ன காலம்வரை விற்கலாம் என்று எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் அவர் ராஜா. அனுமதி கொடுத்த கை வேறு என்பதை மட்டும் அவர் மறக்கக் கூடாது.

பின்னாளில் சொல் வாக்குச்சாவடிக்குள்ளும் நுழைந்து வாக்குரிமையைக் குறித்தது. இந்தப் பொருளுக்குத் தமிழில் எந்தக் குழப்பமும் இல்லை. 'வாக்குரிமை' பள்ளிப் பாடப்புத்தகம்வரை வேரூன்றிவிட்டது. நம் மண்ணில் அதற்குத் தனி வரலாறே இருக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியின் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். ஓர் ஊர் எந்த நாட்டோடு இருப்பது என்பதையே வாக்கில் தீர்த்த இடத்தில் நின்றுகொண்டு, ஓர் அணி எந்த ஊரில் இருப்பது என்பதில் ரசிகனுக்கு ஒரு வாக்குகூட இல்லை என்று கேள்விப்படும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

விளையாட்டுக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே தொழில்முறை லீக் என்பது அணி முதலாளிகள் சேர்ந்த சங்கம். 'இந்த நகரம் உன் எல்லை, இங்கே வேறு அணி வராது' என்று லீக் ஒவ்வோர் அணிக்கும் தரும் அனுமதியே ஃபிரான்சைஸ். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கான அந்த அனுமதி 1925இல் 500 டாலருக்குப் போனது. 1999இல் ஹூஸ்டனுக்கு 70 கோடி டாலர். இப்போது அமெரிக்கக் காதில் இந்தச் சொல்லில் எந்தக் குத்தலும் இல்லை; 'அணி' என்பதற்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் அது வசைச்சொல். காரணம் விம்பிள்டன். 1889இல் தொடங்கி, 1988இல் லிவர்பூலை வென்று எஃப்ஏ கோப்பையைத் தூக்கிய தென்லண்டன் கழகம் அது. 1991இல் சொந்த மைதானத்தை விட்டு வேறு கழகத்தின் மைதானத்தில் ஒண்டிக்கொண்டது. லண்டனுக்கு வடமேற்கே மில்டன் கீன்ஸ் என்ற புதுநகரத்தில், பேரங்காடிகளோடு சேர்த்து அரங்கு கட்டும் திட்டம் ஒன்று, ஆடுவதற்கு ஓர் அணியைத் தேடிக்கொண்டிருந்தது. அரங்குக்குப் பணம் எங்கிருந்து என்ற கேள்விக்கு அங்கே விடை அங்காடிகள். 2002 மே மாதம் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அமைத்த மூவர் குழு இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் கழகம் அங்கே போகலாம் என்றது. சில வாரங்களுக்குள் ரசிகர்கள் ஊர்ப் பொதுவெளியில் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்து ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதிதாகத் தொடங்கினார்கள். இங்கிலாந்துக் கால்பந்து அடுக்கில் ஒன்பதாம் படியில் தொடங்கிய அந்தக் கழகம் 2011இல் நான்காம் படிக்கு ஏறி, 2020 நவம்பரில் பழைய மைதானம் இருந்த பிளவ் லேன் பகுதிக்கே திரும்பியது. போன அணியின் பெயரை அந்த ரசிகர்கள் வாயால் சொல்வதில்லை. 'ஃபிரான்சைஸ் எஃப்சி' என்பார்கள். ஊரில் முளைக்காமல் கடையில் வாங்கியது என்று பொருள்.

அமெரிக்காவில் சொல்லுக்குக் குத்தல் இல்லையே தவிர, காயம் அங்கும் குறைவில்லை. அரங்குப் பணம்தான் கத்தி. புதிய அரங்கு கட்டித்தா, இல்லையென்றால் போகிறேன் என்பது பழகிப்போன பேரம். லாஸ் வேகஸ் அரங்குக்கு ஹோட்டல் அறைவரியிலிருந்து 75 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு ஓக்லாந்திலிருந்து ரைடர்ஸ் அணியை அழைத்துக்கொண்டது நெவாடா. சான் டியேகோ மக்கள் 2016 நவம்பரில் அப்படியொரு வரியை வாக்கில் நிராகரித்தார்கள். அடுத்த ஜனவரியில் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு நடையைக் கட்டியது. செயின்ட் லூயிஸ் நகரின் நிலைமை அதைவிட மோசம். அணி 2016இல் கிளம்பிப் போன பிறகும் அரங்கின் கடனை ஊர் அடைத்துக்கொண்டிருந்தது. வழக்குப் போட்டு 2021இல் 79 கோடி டாலர் சமரசத்தொகை வாங்கியது மட்டும் ஆறுதல். அந்த இடமாற்றத்தை 30–2 என்று ஒப்புக்கொண்டு வாக்களித்தவர்கள் அணி முதலாளிகள். ஃபிரான்சைஸின் பழைய பொருளான வாக்கு, புதிய பொருளான வணிக அனுமதியை வைத்திருப்பவரிடமே போய்ச் சேர்ந்திருப்பதைப் பாருங்கள்.

இதற்கு விலக்குகளும் உண்டு. அமெரிக்காவின் கிரீன் பே அணி 1923 முதல் பொதுமக்களின் பங்குகளில் நிற்கிறது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை கிடையாது, வாக்கு உண்டு. ஜெர்மனியில் பெரும்பாலான கழகங்களில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும் என்பது விதி.

இனி தமிழுக்கு வருவோம். 2008இல் ஐபிஎல் தொடங்கிய பிறகு ஃபிரான்சைஸ் நம் விளையாட்டுப் பக்கங்களில் சரளமாகப் புழங்குகிறது. சில நாளிதழ்கள் வெறுமனே 'அணி நிர்வாகம்' என்று தப்பித்துக்கொள்கின்றன. சிலர் 'அணி உரிமை', 'அணி உரிமையாளர்' என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். உரிமை ஒருவருக்கு உரியது. பிறர் கொடுத்து வருவதில்லை, ஆகவே எளிதில் பிறர் பறிக்கவும் முடியாது. பேச்சுரிமை, வாழ்வுரிமை, வாக்குரிமை எல்லாம் அப்படி அமைந்த சொற்கள். அனுமதியாகத் தரப்படுவதற்கு ஆட்சித்தமிழ் ஏற்கெனவே வேறொரு சொல்லைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டது: உரிமம். ஓட்டுநர் உரிமம், கடை உரிமம் போல. கொடுப்பவர் ஒருவர், காலமும் எல்லையும் உண்டு, கட்டணம் உண்டு, திரும்பப் பெறவும் முடியும். லீக் தரும் ஃபிரான்சைஸ் இந்த வகையைச் சேர்ந்ததே.

எனவே லீக்கின் அனுமதிக்கு 'அணி உரிமம்', அதைப் பெற்றவருக்கு 'உரிமதாரர்', அவர் கட்டுவதற்கு 'உரிமக் கட்டணம்', ஏலத்தில் உருவான அணியைக் குறிக்க 'உரிம அணி' என்று எழுதலாம். ஊரிலேயே முளைத்த பழைய கழகத்தை 'ஊர் அணி' என்றால் போதும். பரிந்துரை கொஞ்சம் வறட்டுத்தனமாகத் தெரிந்தால் கிளீவ்லாந்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1995இல் அந்த அமெரிக்க நகரத்தின் பிரவுன்ஸ் அணி முதலாளி அணியைப் பால்டிமோருக்கு மாற்றுவதாக அறிவித்தபோது ஊர் கொதித்தது. கடைசியில் எட்டிய உடன்பாடு இது: ஆட்டக்காரர்களும் ஒப்பந்தங்களும் முதலாளியோடு போகலாம், பெயரும், நிறமும், வரலாறும் கிளீவ்லாந்திலேயே இருக்கும். 1999இல் புதிய அணி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு ஆடத் தொடங்கியது. இதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பக்கம் வேண்டும். தமிழில் ஒரு வரி: உரிமம் போயிற்று, உரிமை தங்கிற்று. விம்பிள்டனிலும் 2007இல் பழைய கழகத்தின் கோப்பை நினைவுப்பொருள்கள் அந்தப் பகுதி அடங்கிய மெர்ட்டன் நகரமன்றத்துக்குத் திரும்பி வந்தன. அதுவும் இதே கணக்கு.

பக்கத்துச் சொற்கள் இரண்டை இங்கேயே முடித்துவிடலாம். ஸ்டேடியத்துக்கு 'விளையாட்டரங்கம்' நன்றாகவே ஓடுகிறது. நம் பக்கத்தில் அதைக் கட்டுவதும் பராமரிப்பதும் பெரும்பாலும் அரசு என்பதால், அணிகள் அங்கே குடக்கூலிக்காரர்களே. சென்னை நேரு விளையாட்டரங்கமும் புவனேசுவரத்துக் கலிங்கா அரங்கமும் அரசுடையவை. கட்டித்தா என்ற மிரட்டல் இங்கே எழாததற்கு அது பெரிய காரணம். அணி ஊர் விட்டு ஊர் போவதற்கு 'இடமாற்றம்' போதாது. 2018இல் காவிரிப் போராட்டத்தால் சென்னைக் கிரிக்கெட் அணியின் உள்ளூர் ஆட்டங்கள் புனேக்குப் போயின. சிறப்பு ரயில் ஏறி ரசிகர்களும் போனார்கள். அது இடமாற்றம், திரும்பி வரும். திரும்பி வராததை 'ஊர்மாற்றம்' என்று பிரித்துச் சொல்லலாம்.

'அணி உரிமம்' என்று எழுதினால் வாசகர் ஓட்டுநர் உரிமத்தை நினைத்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. நினைத்துக்கொள்ளட்டும். அந்த அட்டையையும் அரசு ரத்து செய்ய முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.