கண்ணாடி மாற்றும் முன் ரப்பரைத் தூக்கிப் பாருங்கள்

கல் எதுவும் படாமலே உங்கள் பழைய பிக்கப்பின் முன் கண்ணாடி ஓரத்திலிருந்து விரிசல் விடுகிறதா? கண்ணாடி விற்றவரைத் திட்டுவதற்கு முன்னால், அதைச் சுற்றியிருக்கும் ரப்பரின் கீழ் மூலையை விரலால் தூக்கிப் பாருங்கள். பழுப்பாகத் தூள் உதிர்ந்தால் கோளாறு கண்ணாடியில் இல்லை.

இதை எழுத வைத்தது போன வாரம் மண்டபம் ஊரிலிருந்து, கண்ணாடி மாட்டும் என் பட்டறைக்கு வந்த ஒரு டாடா 207 பிக்கப். ஒரே வருடத்தில் மூன்றாவது கண்ணாடி. "எல்லாம் டூப்ளிகேட்டா வருதுண்ணே" என்றார் வண்டிக்காரர். கண்ணாடியில் ஐஎஸ்ஐ முத்திரை சரியாகவே இருந்தது. ரப்பரைக் கழற்றியதும் விஷயம் தெரிந்துவிட்டது. கண்ணாடியைத் தாங்கும் தகர விளிம்பு துருவேறி, அடுக்கடுக்காக உப்பி நின்றது. அதன் மேல் சிலிகான் பசை, அதற்கு மேல் பட்டி (பள்ளம் நிரப்ப அப்பும் மாவு), மறுபடி சிலிகான். இரும்பு துருவாகும்போது பழைய இடத்தில் அடங்காது, பல மடங்கு பருக்கும். விளிம்பில் ஒரே இடத்தில் அப்படிப் புடைப்பு எழுந்தால் ரப்பரையும் மீறி அது கண்ணாடியின் ஓரத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி பாடி முறுக்கினால் போதும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். நான்காவது கண்ணாடி போட்டிருந்தாலும் அதே மூலையில்தான் போயிருக்கும்.

இந்த ராமநாதபுரம் கரையில் பழைய வண்டிகளை ஆசையாக வைத்திருப்பவர்கள் நிறைய. மீன் லோடு அடிக்கும் 207, வலிநோக்கம் பக்கம் உப்பு ஏற்றும் டாடா 407 லாரி, அப்பா காலத்து மஹிந்திரா ஜீப்பைப் பின்பக்கம் தொட்டி வைத்துப் பிக்கப் ஆக்கியது, 1988இல் டாடா முதன்முதலாகக் கொண்டுவந்த டாடாமொபைல் என்று வரும். எல்லாவற்றிலும் கண்ணாடி ரப்பரில்தான் உட்கார்ந்திருக்கும். இன்றைய கார்களைப் போல பசையில் ஒட்டியது இல்லை. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் வேலை செய்கிறவர்களால்தான் பாதித் தொல்லை.

மீதிப் பாதி உப்புக்காற்று. பாம்பனில் 1914இல் போட்ட பழைய ரயில் பாலம் காலமெல்லாம் துருவோடு போராடியதை இங்கே பார்க்காதவர் இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்கு ரயில்வே எவர்சில்வர் கம்பியும், அரிப்பைத் தாங்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறது. அதே காற்றில்தான் உங்கள் வண்டியும் ராத்திரி முழுக்க நிற்கிறது. போதாக்குறைக்கு மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் வேறு வழிகிறது. முன் கண்ணாடி ரப்பரின் அடிப்பள்ளத்தில் இறங்கும் உப்புத் தண்ணீர் வெயிலிலும் முழுதாகக் காயாது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே தகரம் தாளாகியிருக்கும்.

இப்போது சிலிகானுக்கு வருகிறேன். இதைத்தான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், ஆனாலும் இன்னொரு முறை சொல்கிறேன்.

ஐப்பசியில் மழை பிடித்ததும் டேஷ்போர்டுக்குக் கீழே தண்ணீர் சொட்டுகிறது. உடனே ஹார்டுவேர் கடையில் ஒரு டியூப் சிலிகான் வாங்கி, ரப்பரைச் சுற்றிலும் பிதுக்கி, விரலால் தடவி விடுகிறார்கள். இரண்டு மழைக்கு ஒழுகல் நிற்கிறது. "பாத்தீங்களா, நின்னுபோச்சு" என்கிறார்கள். நிற்கவில்லை. உள்ளே வரும் வழி கொஞ்சம் குறைந்திருக்கிறது, வெளியே போகும் வழி முழுதாக அடைந்துவிட்டது. சிலிகான் கண்ணாடியில் நன்றாக ஒட்டும், வெடித்த பழைய ரப்பரில் ஒட்டாது. சீக்கிரமே ரப்பர் பக்கம் மயிரிழை அளவு விட்டுக்கொடுக்கும். தண்ணீர் அதன் வழியே உள்ளே இறங்கும், ஆனால் காற்று படாது, வெயில் படாது. முன்பு நாலு நாளில் காய்ந்த ஈரம் இப்போது மாசக்கணக்கில் தகரத்தோடு ஒட்டியே கிடக்கும்.

அதோடு முடியவில்லை. டியூபைத் திறந்ததும் வினிகர் மாதிரி மூக்கில் ஏறும் வாடை வருகிறதே, அது அசிட்டிக் அமிலம். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் சிலிகான் காயும்போது அந்த அமிலத்தைத்தான் வெளியே விடுகிறது. பெயின்ட் போன வெறும் இரும்பில் அதை வைத்தால் துருவை நாமே விதைக்கிறோம். மூன்றாவது கேடு எங்களைப் போன்றவர்களுக்கு வந்து சேரும். ஒருமுறை சிலிகான் பட்ட தகரத்தில் அப்புறம் அடிப்பூச்சான பிரைமரும் பிடிக்காது, பெயின்டும் நிற்காது. துளித்துளியாக விலகி ஓடும். அதைச் சுரண்டித் துடைத்து எடுப்பதற்குள் கண்ணாடி மாட்டும் வேலையே முடிந்திருக்கும். கூலி கூடுதலாகிறதே என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த டியூபை வாங்கியவர்கள்தான்.

கார்க் கண்ணாடிக்குப் போடும் பியூ (பாலியூரித்தேன்) பசையை வாங்கி வந்து "இதான் ஸ்ட்ராங், இதைப் போடுங்க" என்று கேட்பவர்களும் உண்டு. அது அதற்கென்று செய்த விளிம்பில், அதற்குரிய பிரைமரோடு ஒட்டவேண்டியது. ரப்பருக்காகச் செய்த விளிம்பில், அதிலும் துருவின் மேல் வைத்தால், துரு பெயரும்போது பசையும் கூடவே பெயர்ந்து வரும். ரப்பர் கண்ணாடிக்கு ரப்பரின் பள்ளத்துக்குள் வைக்க, இறுகாமல் மெத்தென்றே இருக்கும் பியூட்டைல் வகை சீலன்ட் இருக்கிறது. தேவையென்றால் அது மட்டும் போதும். அதுவும் நல்ல தகரத்தில்.

தகரத்தை நல்லதாக்குவதுதான் உண்மையான வேலை. கண்ணாடி மாட்டுவது அரை மணி நேரத்துக் காரியம். துருவை வெள்ளை இரும்பு தெரியும் வரை எடுக்கவேண்டும். ஓட்டை விழுந்திருந்தால் அந்த இடத்தை வெட்டி எறிந்து புதுத் தகரம் வைத்து வெல்டு பண்ணவேண்டும். பட்டியை அப்பி விளிம்பு மாதிரி வடிவம் செய்து கொடுக்கிறவர்களிடம் வண்டியை விடாதீர்கள், பட்டி எந்தப் பளுவையும் தாங்காது. அப்புறம் முக்கியமான ஒன்று: துரு எடுத்த இடத்தை நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். நம் ஊர்ப் பக்கம் பல இடங்களில் போர்வெல் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால், போன உப்பு திரும்ப வந்து உட்காரும். பெயின்டுக்கு அடியில் உப்பு மிச்சமிருந்தால் ஒரே வருடத்தில் கொப்புளம் கிளம்பும். குடிக்கிற தண்ணீரில் ஒரு குடம் செலவழியுங்கள், தப்பில்லை. நன்றாகக் காய்ந்த பிறகு எபாக்சி பிரைமர், அதன் மேல் பெயின்ட். வெறும் ரெட் ஆக்சைடு பூசிவிட்டு அப்படியே ரப்பரை மாட்டுவது மதுரையில் ஓடும் வண்டிக்கு ஓரளவு தாங்கலாம், கடலோரத் தங்கச்சிமடத்து வண்டிக்குத் தாங்காது.

ரப்பரைப் புதிதாகவே போடுங்கள். கண்ணாடிக்குப் பணம் கொடுத்துவிட்டு ரப்பரில் மிச்சம் பிடிப்பது எனக்குப் புரிவதே இல்லை. வெயிலில் இறுகிப்போன ரப்பர் வளைவுகளில் கண்ணாடியைக் கவ்வாது. மீட்டர் கணக்கில் வெட்டி விற்கும் பீடிங் ரப்பர் என்றால் சரியான அளவுக்கு வெட்டாமல் ஒரு விரல் அகலம் கூடுதலாக வைத்து, நெருக்கித் திணிக்கவேண்டும். நாளாக ஆக ரப்பர் சுருங்கும். அளவெடுத்து வெட்டினால் அடுத்த வருடம் இணைப்பில் இடைவெளி தெரியும்.

இனி கண்ணாடி. பழைய ஜீப்பில் முன் கண்ணாடி தட்டையாக இருப்பதால் யார் வேண்டுமானாலும் வெட்டிப் போடலாம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. கீழக்கரையில் ஒருவர் தன் வாப்பாவின் ஜீப்பைப் புதுப்பித்து, அழகாகப் பெயின்ட் அடித்து, முன்னால் வீட்டுச் சன்னலுக்குப் போடும் கண்ணாடியை மாட்டியிருந்தார். "காக்கா (அண்ணே), இது உடைஞ்சா கத்தி மாதிரி வரும், புள்ளைகளை முன்னால உக்கார வைக்காதீங்க" என்று சொல்லி அன்றைக்கே கழற்ற வைத்தேன். அவர் மேல் தப்பில்லை, வெட்டிக் கொடுத்தவர் சொல்லியிருக்கவேண்டும்.

மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி இதற்காகவே இருக்கிறது. வண்டிக்குப் பாதுகாப்புக் கண்ணாடிதான் போடவேண்டும். 1989இல் அந்த விதிகள் நடைமுறைக்கு வந்து மூன்று வருடத்துக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு முன் கண்ணாடி லேமினேட்டட் ஆகவே இருக்கவேண்டும். "என் வண்டி அதுக்கு முந்தினது" என்று வாதாடுகிறவர்களிடம் நான் கேட்பது, உங்கள் கழுத்தும் முந்தினதா என்றுதான். லேமினேட்டட் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்தது. கல் பட்டால் விரியும், உதிராது, எதிரே பாதை தெரியும். சூடாக்கிப் பதப்படுத்திய பழைய டஃபன்டு கண்ணாடியில் ஒரு கல் பட்டால் மொத்தமும் பொடிப்பொடியாக நொறுங்கி, ஒரு நொடியில் எதிரே எதுவும் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே பஸ் வரும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மூலையில் ஐஎஸ் 2553 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கும். மாட்டுவதற்கு முன் ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் நடுவே கோடு மாதிரி படலம் தெரியும். தட்டைக் கண்ணாடி வேண்டுமென்றால் லேமினேட்டட் ஷீட்டை அளவுக்கு வெட்டி வாங்கலாம். இருபுறமும் கோடு போட்டு உடைத்து, நடுப்படலத்தை அறுத்துப் பிரிக்கவேண்டும், அதற்குக் கை பழகியிருக்கவேண்டும். டஃபன்டு கண்ணாடியைப் பதமாக்கிய பிறகு வெட்டவே முடியாது. "வெட்டித் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் கையில் இருப்பது அது இல்லை. கறுப்பு ஃபிலிமும் கேட்காதீர்கள். முன் கண்ணாடியில் 70 சதவீத வெளிச்சம் ஊடுருவவேண்டும். கண்ணாடிகளில் ஃபிலிம் ஒட்டவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012இலேயே சொல்லிவிட்டது.

கழற்றும்போது உள்ளே உட்கார்ந்து இரண்டு காலாலும் கண்ணாடியை உதைத்துத் தள்ளும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். ரப்பரின் வெளி உதட்டைக் கத்தியால் அறுத்தெடுத்தால் கண்ணாடி தானாகக் கைக்கு வரும். எப்படியும் அந்த ரப்பரைத் தூக்கித்தான் எறியப்போகிறோம். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கு நான் கோபப்படுவது இந்த ஒன்றுக்குத்தான்.

மாட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். கண்ணாடியில் ரப்பரை மாட்டி, விளிம்பு போய் உட்காரும் பள்ளத்துக்குள் நைலான் கயிற்றைச் சுற்றிலும் செருகி, இரண்டு நுனியும் கீழே நடுவில் உள்பக்கமாகத் தொங்க விடவேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை மெதுவாக இழுத்துக்கொண்டே போனால் ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். டீசல், கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். இறங்காத மூலையைக் கையால் குத்தாதீர்கள். இறங்கவில்லை என்றால் ஏதோ தடுக்கிறது, கழற்றிப் பாருங்கள். முடிந்ததும் ஹோஸ் பைப்பில் தண்ணீரைக் கீழிருந்து தொடங்கி மெதுவாக மேலே கொண்டுபோய்ச் சோதியுங்கள். எடுத்ததுமே மேலே அடித்தால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

புதுக் கண்ணாடி போட்டவர்கள் வைப்பர் பிளேடையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடிப் பக்கம் போய் வந்தால் கண்ணாடி முழுக்க மணலும் உப்பும் படிந்திருக்கும். காய்ந்தபடியே வைப்பரைப் போட்டால் கோடு கோடாகக் கீறிவிடும். அந்தக் கீறல் பகலில் தெரியாது. ராத்திரி எதிர் வண்டி லைட் பட்டதும் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். விடியற்காலை லோடு எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டுத் துடையுங்கள். அப்படியே ரப்பரின் அடியோரத்திலும் ஊற்றிவிடுங்கள், வாரம் ஒரு முறையாவது.

டேஷ்போர்டுக்குள் ஏற்கெனவே தண்ணீர் இறங்கியிருந்தால் ஃபியூஸ் பாக்ஸையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள். பச்சை பூத்த முனைகளோடு ஓடுவது ஆபத்து.

மீன் வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் நிற்கும், உங்களுக்கும் லோடு குறைவு, வெயிலும் நன்றாக அடிக்கும், வெல்டு வைக்கவும் பிரைமர் காயவும் அதைவிட நல்ல நேரம் இல்லை. அந்த முதல் வாரத்திலேயே வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள். ஜூன் 13ஆம் தேதி சாயங்காலம் வந்து நின்று, "நாளை மறுநாள் போட் இறங்குது, கண்ணாடியை மட்டும் மாட்டி விட்டுருங்கண்ணே" என்று கேட்டால், ஈரப் பிரைமர் மேல் ரப்பரை மாட்டித் தர என்னால் முடியாது.