பூவுக்குள் ஓடும் நார்

தெற்கு மாசி வீதி முனையில் பூ விற்கும் அக்காவிடம் மல்லி வாங்கப் போனால், வாங்கி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நின்று அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, நாரில் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. அவ்வளவுதான், அடுத்த கண்ணிக்குப் போய்விடுவார். “ரொம்ப இறுக்குனா காம்பு அறுந்துரும் தம்பி, லேசா விட்டா வீட்டுக்குப் போறதுக்குள்ள உதிர்ந்துரும்” என்றார் ஒருநாள்.

நம் உடம்புச் செல்களுக்கும் இதே பாடுதான். செங்கல்லுக்கு நடுவே சிமெண்ட் மாதிரி, செல்களுக்கு நடுவே ஏதோ பசை இருக்கிறது என்றுதான் பள்ளியில் நானும் நினைத்திருந்தேன். காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படித்தபோது அந்த எண்ணம் ஐந்து நிமிடத்தில் கலைந்தது. குடுவையின் அடியில் வளரும் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கருங்கல் பாவிய தளம் மாதிரி இடைவெளி இல்லாமல் நெருக்கியடித்துக் கிடக்கும். அதில் டிரிப்சினும் இடிடிஏவும் கலந்த கரைசலைக் கொஞ்சம் ஊற்றி வைத்தோம். ஓரங்கள் மெல்லச் சுருங்கின. பிறகு ஒவ்வொன்றும் வெந்த ஜவ்வரிசி போல உருண்டு தனித்தனியாக மிதந்தது.

டிரிப்சின் புரதத்தை வெட்டும். சரி, இடிடிஏ எதற்கு? அது கால்சியத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் பிடிக்கிறார்களே, அதன் உள்ளே தடவியிருப்பதும் இதுதான். கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது.

செல்கள் ஒட்டுவதற்கும் கால்சியத்துக்கும் உள்ள உறவு பிடிபட்ட கதை சுவையானது. ஜப்பானைச் சேர்ந்த மசதோஷி தகெய்ச்சி 1970களில் கியோட்டோவிலிருந்து அமெரிக்காவின் கார்னெகி ஆய்வகத்துக்குப் போனார். ஊரில் டிரிப்சின் போட்டுப் பிரித்த செல்கள் சற்று நேரத்தில் தாமாகவே மறுபடி கூடிக்கொள்ளும். அங்கேயோ கூடவே மாட்டோம் என்று அடம்பிடித்தன. காரணத்தைத் தேடியபோது, அந்த ஆய்வகத்து டிரிப்சின் கரைசலில் இடிடிஏ சேர்ப்பது வழக்கம் என்று தெரிந்தது. கால்சியம் கூட இருந்தால் டிரிப்சினால் வெட்ட முடியாத ஏதோ ஒரு புரதம், கால்சியம் போனதும் வெட்டுப்பட்டுப் போகிறது. அதுதான் செல்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது. 1977இல் இதை எழுதினார். 1984இல் அந்தப் புரதத்துக்குக் கேட்ஹெரின் என்று பெயர் வைத்தார்கள். இடம் மாறினால் சமையல் மாறும், அதில்தான் துப்பு கிடைக்கும் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

கேட்ஹெரின் செல்லின் தோலைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே இருக்கும் பகுதி ஐந்து மணி கோத்த சரம். மணிக்கும் மணிக்கும் நடுவே உள்ள நான்கு இணைப்புகளிலும் மும்மூன்று கால்சியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். ஆக, 12 அயனிகள். இருந்தால் சரம் விறைத்து வளைந்து நிற்கும். எடுத்துவிட்டால் நனைந்த நூலாகத் துவளும், வெட்டுவதும் எளிது. (உடனே கால்சியம் மாத்திரை வாங்க ஓட வேண்டாம். ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 9, 10 மில்லிகிராம் அளவில் உடம்பே அதைக் காத்துக்கொள்ளும், குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்தாவது.)

நுனி மணியில் ட்ரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். எதிர்ச் செல்லின் கேட்ஹெரினில் அது நுழைய ஒரு குழி உண்டு. இவர் கையை அவர் சட்டைப்பையிலும், அவர் கையை இவர் சட்டைப்பையிலும் விட்டுக்கொண்டு நிற்பதுபோல. ஒரு ஜோடியின் பிடி பலவீனமானது, சட்டென விட்டுவிடும். பக்கத்தில் நூற்றுக்கணக்கில் சேர்ந்து நிற்கும்போதுதான் பலம்.

யார் கையை யார் பையில் விடுவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒட்டவே தெரியாத எலிச் செல்களுக்கு ஒருவகைக் கேட்ஹெரினின் மரபணுவைக் கொடுத்தார்கள், ஒட்டத் தொடங்கின. வேறு சில செல்களுக்கு இன்னொரு வகையைக் கொடுத்து இரண்டையும் கலக்கினார்கள். கதம்பமாகக் கட்டும் என்று பார்த்தால், மல்லி தனி, கனகாம்பரம் தனி என்று பிரிந்துவிட்டன. இதுவும் தகெய்ச்சி குழுவினர் 1988இல் காட்டியதுதான். கருவில் முதுகுத் தண்டுவடமாகப் போகும் செல்கள் மேல்தோலை விட்டுப் பிரிவதும் இப்படித்தான், கேட்ஹெரினின் வகையை மாற்றிக்கொண்டு.

பூமாலை உவமை ஓர் இடத்தில் உதைக்கிறது. மாலையில் நார் பூவுக்கு வெளியே ஓடும், செல்லில் உள்ளே ஓடுகிறது. கேட்ஹெரினின் வால் செல்லுக்குள் இருக்கிறது. அதை கேட்டெனின் என்ற புரதங்கள் பிடித்து, ஆக்டின் என்ற இழையோடு முடிச்சுப் போடுகின்றன. இந்த முடிச்சை இழுத்தால் அவிழும் என்றுதானே நினைப்போம்? ஓரளவு இழுக்க இழுக்க அது இன்னும் கெட்டியாகப் பிடிக்கிறது. அளவு மீறினால்தான் விடும்.

தோலில் இதைவிட முரட்டுப் பூட்டு உண்டு, பெயர் டெஸ்மோசோம். அதில் இருப்பவை கேட்ஹெரினின் உறவுக்காரப் புரதங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்க்க வெறுங்காலோடு நடந்து, மறுநாள் உள்ளங்காலில் நீர் கோத்த கொப்புளத்தோடு உட்கார்ந்திருக்கிறோமே, உரசலின் இழுவையில் மேல்தோலுக்குள்ளேயே செல் அடுக்குகள் பிரிந்த இடம் அது. பெம்ஃபிகஸ் என்ற நோயில் உரசலே வேண்டாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி இந்தப் பூட்டுகளையே எதிரி என்று தாக்குவதால், லேசாகத் தேய்த்தாலே தோல் வழுக்கிக்கொண்டு உரியும். புற்றுநோயில் கோளாறு வேறு மாதிரி: பல கட்டிகளில் செல்கள் தங்கள் கேட்ஹெரினைக் கைவிட்டு வரிசையிலிருந்து நழுவுகின்றன.

ஆனால் விடுவதும் தெரிந்திருக்க வேண்டும். பூக்கார அக்காவின் ஆள்காட்டி விரலில் நார் உரசி உரசி ஒரு கோடு விழுந்திருக்கிறது. போன மாதம் அதே விரலில் கத்தி பட்டு, துணி சுற்றியபடி கட்டிக்கொண்டிருந்தார். அந்த வெட்டின் ஓரத்துச் செல்கள் முதலில் பூட்டைத் தளர்த்தும். பிறகு ஊர்ந்து நகரும். எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவற்றைத் தொட்டதும் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

நேற்று போனபோது விரலில் துணி இல்லை. “ரெண்டு முழமா, மூணா?” என்று நாரை நனைத்தபடியே கேட்டார்.