ஜெரேனியம்: நம் பூச்சாடியில் இருப்பது நாரையலகு

முந்தின வருடம் ஒரு ஜெரேனியம் விதைப் பைக்கற்று கிடைத்தது. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வளவு வெறும் மணல், அதனால் சாடியில் போடலாம் என்று நினைத்தேன். "ஜெரேனியம் விதைப்பது எப்படி" என்று தேடிப் படித்தேன். ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் ஆறு கிழமை வை என்றிருந்தது. அப்படியே வைத்தேன். விதையெல்லாம் பூஞ்சணம் பிடித்துப் போனது. பக்கத்து வளவு மாமி, "இது நுவரெலியாப் பூ மகள், இஞ்ச வராது" என்றார்.

ஊரில் பிழையில்லை. பிழை பெயரில் இருந்தது.

கிரேக்கத்தில் 'கெரனோஸ்' என்றால் ஒரு பெரிய கொக்கு. பூ உதிர்ந்தபின் வரும் காய் அந்தப் பறவையின் அலகு போல நீண்டு நிற்பதால் செடிக்குக் 'கெரானியன்' என்று பெயர் வந்தது. அது லத்தீனுக்குப் போய், ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் ஜெரேனியமாக வந்து சேர்ந்தது. 1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் செடிகளுக்குப் பெயரிட்டபோது, ஐரோப்பியக் காட்டுச் செடிகளையும் தென்னாபிரிக்காவில் இருந்து வந்த செடிகளையும் இந்த ஒரே பெயரில் அடக்கிவிட்டார். 1789இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே தென்னாபிரிக்கச் செடிகளைப் பிரித்து, அவற்றைப் 'பெலர்கோனியம்' ஆக்கினார். 'பெலர்கோஸ்' என்றால் நாரை. ஆனால் அதற்குள் தோட்டக்காரர்களுக்குப் பழைய பெயர் பழகிவிட்டது. பைக்கற்றில் இன்றைக்கும் ஜெரேனியம் என்றுதான் போடுகிறார்கள். உள்ளே இருப்பதோ பெலர்கோனியம்.

நான் செய்த பிழை இப்போது விளங்கும். பனி விழும் நாட்டில் வளரும் மெய்யான ஜெரேனிய வகைகள் பலவற்றின் விதைக்குக் குளிர் வேண்டும். தென்னாபிரிக்க வெயிலில் இருந்து வந்த பெலர்கோனியத்துக்கு அது தேவையே இல்லை.

எது எது என்று பூவிலேயே பார்க்கலாம். மெய்யான ஜெரேனியத்தின் ஐந்து இதழும் ஒரே மாதிரி இருக்கும். பெலர்கோனியத்தில் மேல் இரண்டு ஒரு விதம், கீழ் மூன்று வேறு விதம். கலப்பினங்களில் இந்த வேறுபாடு மங்கிவிடும். அப்போது பூக்காம்பை விரலால் வருடிப் பாருங்கள். பெலர்கோனியத்தின் தேன்குழல் காம்போடு ஒட்டி இறங்குவதால், அது முடியும் இடத்தில் சின்னப் புடைப்புத் தட்டுப்படும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'செரேனியம்' என்று எழுத்தை மட்டும் மாற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை, அதில் பொருள் ஒன்றும் இல்லை. பறவையின் உறுப்பைப் பார்த்துப் பெயர் வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. கோழிக்கொண்டைப் பூ இருக்கிறது, கிளிமூக்கு மாங்காய் இருக்கிறது. ஆகவே மெய்யான ஜெரேனியத்துக்குக் கொக்கலகு, நம் சாடியில் இருக்கும் பெலர்கோனியத்துக்கு நாரையலகு. இதே குடும்பத்தில், குருகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து பெயர் பெற்ற 'ஈரோடியம்' என்று இன்னொன்றும் உண்டு, அதற்குக் குருகலகு பொருந்தும்.

இதில் நாரையலகுதான் நமக்கு மிக நெருக்கமான சொல். கிரேக்கர் சொன்ன அந்தப் பெருங்கொக்கு இலங்கையில் வாழ்வதில்லை. வயலில் நாம் கொக்கு என்பது வேறு பறவை. ஆனால் நாரை நமக்குத் தெரிந்த பறவை. சங்குவளை நாரைகள் வாவிக் கரையிலும் வயலிலும் நீண்ட அலகைத் தண்ணீருக்குள் விட்டு நிற்பதை எத்தனை முறை பார்த்திருப்போம்! சத்திமுத்தப் புலவரும் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்கு என்றார். அவர் அலகில் கிழங்கைக் கண்டார், கிரேக்கர் காயில் அலகைக் கண்டார். சொல்லை உண்டாக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்த கார்த்திகையில் புது விதை வாங்கினேன். விதைத்தோல் கெட்டி. கடையில் விற்பதைப் பெரும்பாலும் உரசித்தான் தருவார்கள், இல்லாவிட்டால் நகவெட்டியால் ஒரு சிறு கீறல் போதும். யோகட் கப்பின் அடியில் துளை போட்டு, தும்புத்தூளும் மணலும் கலந்து நிரப்பி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மூடினேன். முளைக்க 21 முதல் 24 பாகை செல்சியஸ் நல்லது. மாரி இரவுகள் அதற்குக் கிட்ட வரும், வெப்பமான கச்சான் காற்று வீசும் காலத்தில் இதை நினைக்கவே வேண்டாம். மழை மட்டும் நேரே விழக்கூடாது, நாற்று அடியில் அழுகிச் சாய்ந்துவிடும். எனவே கப்புகளை விறாந்தை ஓரத்தில் வைத்தேன். ஒன்பதாம் நாள் முளை கண்டது. பங்குனியில் சிவப்பாக முதல் கொத்துப் பூத்தது.

சித்திரையில் அலகும் வந்தது. மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பச்சையாக, ஒரு விரற்கணு நீளத்துக்கு மேலேயே நிமிர்ந்து நின்றது. "மெய்தான், நாரைதான் இது" என்றார். காய்ந்ததும் அலகு அடியில் இருந்து ஐந்தாகப் பிரியும். ஒவ்வொரு விதைக்கும் சுருள் வால், வாலில் பஞ்சு மயிர். மெய்யான ஜெரேனியம் விதையைச் சுண்டி எறியும், இது காற்றில் பறக்க விடும். பறந்து விழுந்த விதையின் வால் ஈரம் பட்டால் நிமிர்ந்து, காய்ந்தால் மறுபடி முறுக்கி, விதையைத் துளையிடுவதுபோல மண்ணுக்குள் இறக்கிவிடும். உள்ளங்கையில் ஒன்றை வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், அது மெல்ல அசைவது கண்ணுக்கே தெரியும்.

விதை எடுக்க வேண்டுமென்றால், அலகு பழுப்பாகும்போதே மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள், பிந்தினால் பறந்துவிடும். கலப்பின விதையில் வந்த செடியென்றால் அதன் விதை தாயைப் போலவே பூக்காது. அதே சிவப்பு வேண்டுமானால் தண்டை வெட்டி நடுவதே வழி.