பிரிண்டர் பேர் சரியாத்தான் இருக்கு, அப்புறம் ஏன் எக்ஸெல் மேக்ரோ எர்ரர் அடிக்குது?

முன்னாடி வேலை பார்த்த ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு ஒரு எக்ஸெல் மேக்ரோ, அதாவது வேலையைத் தானா செஞ்சு முடிக்கிற சின்ன புரோகிராம், எழுதிக் குடுத்தேன். பட்டனை அமுக்கினா சம்பள ஸ்லிப்பு எல்லாம் ஹால்ல இருக்கிற பெரிய பிரிண்டருக்குப் போகாம, அவங்க கேபின்ல இருக்கிற சின்ன பிரிண்டருக்குப் போகணும், ஒருத்தர் சம்பளம் இன்னொருத்தர் கண்ணுல படக்கூடாது, அவ்வளவுதான். என் கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுச்சு, அக்கா கம்ப்யூட்டர்ல 1004 எர்ரர். சர்வர் அதே சர்வர், பிரிண்டர் அதே பிரிண்டர், பேர்ல ஒரு எழுத்து கூட மாறல.

மேக்ரோ எழுதுற விபிஏ எடிட்டர்ல கன்ட்ரோல் ஜி அடிச்சா கீழ இம்மீடியட் விண்டோ வரும். அதுல ஒரு கேள்விக்குறி போட்டு அப்ளிகேஷன் டாட் ஆக்டிவ்பிரிண்டர்னு அடிச்சு என்டர் தட்டிப் பாருங்க. இப்போ செலக்ட் ஆகி இருக்கிற பிரிண்டரோட முழுப் பேர் வரும்: சர்வர் பேர், பிரிண்டர் பேர், அதுக்கப்புறம் 'ஆன்'னு ஒரு வார்த்தை, கடைசியில 'என்இ03:' மாதிரி ஒரு வால் வரும். எனக்கு 03, அக்காவுக்கு 05. எக்ஸெல்லுக்கு இந்த வாலோட சேர்த்து முழுசா குடுத்தாத்தான் பிரிண்டர் மாறும்.

இந்த வால் எங்கிருந்து வந்துச்சுன்னா, பழைய விண்டோஸ் 3 காலத்துல வின் டாட் ஐஎன்ஐ ஃபைல்ல ஒவ்வொரு பிரிண்டருக்கும் டிரைவர் பேரும் 'எல்பிடி1:' மாதிரி ஒரு போர்ட் பேரும் எழுதி இருக்கும், புரோகிராம் எல்லாம் அதைப் படிச்சுத்தான் பிரிண்டரைக் கண்டுபிடிக்கும். நெட்வொர்க் பிரிண்டர்ல அந்த மாதிரி கேபிள் சொருகுற போர்ட் கிடையாதே, அதனால பழைய முறை உடையாம இருக்க விண்டோஸ் தானே என்இ00, என்இ01னு பொய்யா ஒரு போர்ட் பேர் குடுக்குது. இந்த நம்பர் அந்தந்த யூசரோட கணக்குக்கு மட்டும்தான், பிரிண்டர் சேர்த்தா நீக்கினா மாறலாம். அதை மேக்ரோவுல நேரா எழுதி வச்சதுதான் நான் பண்ண தப்பு.

நெறைய பேர் 'ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' (எர்ரர் வந்தாலும் நிக்காம அடுத்த வரிக்குப் போன்னு சொல்ற வரி) போட்டு 00ல இருந்து 99 வரைக்கும் லூப்ல ஒவ்வொண்ணா முயற்சி பண்ணுவாங்க. வேலை நடக்கும், ஆனா எனக்கு இது பயம். ஏன்னா நூறு நம்பரும் ஒத்து வரலைன்னா கூட எர்ரரை முழுங்கிட்டு மேக்ரோ அடுத்த வரிக்குப் போய் பிரிண்ட் குடுத்துடும், அப்போ எந்த பிரிண்டர் செலக்ட் ஆகி இருக்கோ அதுல, அதாவது ஹால்ல, சம்பள ஸ்லிப் வந்து விழும்.

அதை விட, விண்டோஸ் தன்னோட செட்டிங்ஸ் எல்லாம் வச்சிருக்கிற ரெஜிஸ்ட்ரியைக் கேக்கிறது நல்லது. கரண்ட் யூசர் பகுதியில சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரண்ட்வெர்ஷன், டிவைசஸ்னு உள்ள போனா ஒவ்வொரு பிரிண்டர் பேருக்கு எதிர்லயும் 'வின்ஸ்பூல்', ஒரு கமா, அதுக்கப்புறம் அந்த வால் இருக்கும். இங்க ஒரு குழி இருக்கு, பார்த்துப் போங்க. டபிள்யூஸ்கிரிப்ட் ஷெல்லோட ரெக்ரீட்ங்கிற கட்டளையை வச்சு ரெஜிஸ்ட்ரியைப் படிச்சா, நெட்வொர்க் பிரிண்டர் பேர்ல இருக்கிற பேக்ஸ்லாஷை அது ஃபோல்டர் பாதைன்னு நெனச்சு எர்ரர் குடுத்துடும், நான் அரை நாள் இதுலயே போராடினேன். டபிள்யூஎம்ஐங்கிற இன்னொரு விண்டோஸ் வசதி வழியா படிச்சா அந்தப் பிரச்சனை இல்ல. ஜெர்மன் எக்ஸெல்ல 'ஆன்'க்கு பதிலா 'அவுஃப்'னு வரும், அதனால அந்த நடு வார்த்தையையும் இப்போ இருக்கிற ஆக்டிவ்பிரிண்டர்ல இருந்தே வெட்டி எடுத்துக்கணும்.

வேர்டு வேற மாதிரி. அதுக்கு வால் வேண்டாம், வெறும் பேர் போதும், ஆனா மேக்ரோவுல ஆக்டிவ்பிரிண்டரை மாத்தினா விண்டோஸோட டீஃபால்ட் பிரிண்டரே மாறிடும். எக்ஸெல்ல அது மாறாது, அந்த எக்ஸெல்லுக்குள்ள மட்டும்தான். எதுவா இருந்தாலும் பழைய பேரை முதல்ல ஒரு வேரியபிள்ல எடுத்து வச்சு, வேலை முடிஞ்சதும், நடுவுல எர்ரர் வந்தாலும் கூட, திருப்பி வைக்கணும்.

அக்காவோட மேக்ரோவுல கடைசியா ஒரு வரி சேர்த்தேன்: ரெஜிஸ்ட்ரியில கேபின் பிரிண்டர் இல்லைன்னா 'பிரிண்டர் கிடைக்கல'ன்னு ஒரு மெசேஜ் பாக்ஸ் காட்டிட்டு, ஒரு பக்கம் கூட அடிக்காம நின்னுடணும்.